குரலுக்காக வளர்த்த காடை

மருதக்கலியில் ஒரு காட்சி வருகின்றது. பிற மகளிரை நாடிச் சென்ற தலைவன் காலந்தாழ்த்து மனைக்கு மீள்கின்றான். வாயிலில் நின்ற தலைவி அவனை மறித்து, எங்கே சென்று வருகின்றாய் என்று கேட்கின்றாள். அவன் சற்றும் தயங்காது, குறும்பூழ்ப் போர் கண்டு வந்ததாகச் சாக்குச் சொல்கின்றான். அவளோ அதைக் கேட்டு அடங்கிவிடவில்லை. அவன் கூறிய குறும்பூழையே அவன் நாடிச் சென்ற மகளிர்மேல் ஏற்றிச் சொல்லாடி, அவன் கண்ட போர் எத்தகையது என்பதைத் தான் அறிந்துகொண்டமையை உணர்த்தி விடுகின்றாள். குறும்பூழ் என்பது நாம் காடை என்று வழங்கும் சிறு பறவை. தலைவனின் சாக்கு பொய்யாக இருக்கலாம்; ஆயினும் கேட்போர் நம்பக்கூடியதாக இருந்தாலன்றி எவனும் ஒரு சாக்கைத் தேர்ந்தெடுக்க மாட்டான். காடைகளை வளர்த்துப் போருக்கு விடுவதும், அதைக் காண ஆடவர் கூடுவதும் கலித்தொகைக் காலத்துத் தமிழகத்தில் அன்றாட நிகழ்ச்சிகள் என்பதற்கு அந்தச் சாக்கே போதிய சான்றாகும்.

காடை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவை. வால் இருப்பதே தெரியாத உருண்டை உடல். உலர்ந்த புல்லின் நிறம். ஆபத்து வந்தால் பறப்பதிலும் பதுங்குவதிலுமே கூடிய நம்பிக்கை. பருவத்துக்குப் பருவம் நெடுந்தூரம் வலசை செல்லும் இனங்களும் இதில் உள. அவை களைத்துத் தரையிறங்கும்போது வலைவீசிப் பிடிப்பது எளிது. பிடித்தபின் கூலமும் புல்விதையும் கொடுத்தால் சில நாட்களிலேயே மனிதனின் கைக்குப் பழகிவிடும். சேவலுக்கோ தன்னினத்துச் சேவலைக் கண்டால் பொறுக்காது. பிடிக்க எளிதாயும், பழக்க எளிதாயும், சண்டைக்கு ஆயத்தமாயும் உள்ள ஒரு பறவையைப் பல நாட்டு மக்கள் போருக்கு வளர்த்ததில் வியப்பில்லை.

கிரேக்கர் இதில் பெரும் மோகங் கொண்டிருந்தனர். ஏதென்ஸ் நகரின் செல்வ இளைஞர் காடையை மேலாடைக்குள் வைத்துக்கொண்டு வீதியிற் செல்வது வழக்கம். அல்கிபியாடிஸ் என்னும் புகழ்பெற்ற தலைவன் முதன்முதலாகப் பொதுவாழ்விற் புகுந்த நாளைப் புளூட்டாக் வருணிக்கின்றார். அரசுக்கு நன்கொடை திரட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் ஆரவாரம் கேட்டு அவன் உள்ளே சென்று, தானும் பொருள் கொடுத்தான். மக்கள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். அந்த மகிழ்ச்சியில் ஆடைக்குள் இருந்த காடையை அவன் மறந்துவிட, அது மிரண்டு பறந்து போயிற்று. அரசியற் கூட்டம் அந்தக் கணமே காடை வேட்டையாயிற்று. இறுதியில் அந்தியோக்கஸ் என்னும் மாலுமி அதைப் பிடித்துக் கொடுத்தான். அன்று தொட்டு அல்கிபியாடிசின் உற்ற நண்பனானான். கதை அத்தோடு முடியவில்லை. கி.மு. 406இல் தான் வெளியே செல்ல நேர்ந்தபோது கடற்படையை இந்த அந்தியோக்கசிடமே அல்கிபியாடிஸ் ஒப்படைத்தான். போர் தொடுக்கலாகாது என்று சொல்லியே சென்றான். அந்தியோக்கஸ் அதை மீறி நோத்தியம் என்னுமிடத்தில் ஸ்பார்த்தரைச் சீண்டித் தானும் மடிந்து, கப்பல்களையும் இழந்தான். பழி அல்கிபியாடிசைச் சேர்ந்தது. அவன் பதவியிழந்து வெளியேறினான். பின்னர் ஏதென்ஸ் திரும்பவேயில்லை.

றோமரின் கதைகளிலும் காடை வருகின்றது. ஒக்டேவியனோடு காடைப் போர் நடத்திய போதெல்லாம் தன் பறவைகள் தோற்றமை கண்டு அந்தோனி மனங்கலங்கினான் என்பர். பிற்காலத்தில் ஒகஸ்டஸ் பேரரசனான அதே ஒக்டேவியன், எகிப்தில் தன் காரியங்களைப் பார்த்த ஏரொஸ் என்பவனைக் கொல்வித்தான். அவன் செய்த குற்றம், தோல்வியே அறியாத போர்க்காடை ஒன்றை விலைக்கு வாங்கி வாட்டித் தின்றமை! இதற்கு மாறாக மார்க்கஸ் அவுரேலியஸ் என்னும் பேரரசர் தம் சிந்தனைக் குறிப்புக்களின் தொடக்கத்தில் தம் ஆசான்களுக்கு நன்றி கூறும்போது, காடை வளர்த்துப் போருக்கு விடும் பித்துத் தமக்குப் பிடியாமற் காத்தவர் தியோக்னேத்தஸ் என்று எழுதி வைத்தார். உலகை ஆண்ட ஒருவர் நினைவிற் கொண்டு நன்றி சொல்லும் அளவுக்கு அப்பித்து வலியதாயிருந்தது போலும்.

சீனத்திலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. குளிர்காலத்திற் காடையைச் சிறு பையிலிட்டு இடையிற் கட்டி, உடற்சூட்டில் வைத்துக் காப்பர். போர்க்காடை ஒன்றினாற் செல்வனான சோம்பேறி ஒருவனின் கதையைப் பூ சோங்லிங் என்னும் ஆசிரியர் சுவைபட எழுதியுள்ளார். வட இந்தியாவில் நவாபுகளின் இலக்னோ நகரம் இக்கலையை மென்மைப்படுத்தியது. சேவற்போருக்குத் திறந்த களம் வேண்டும். காடைப் போரையோ அறைக்குள் விரிப்பின்மீது அமர்ந்தே காணலாம். அந்நகரின் பழைய வாழ்வை உருது மொழியில் எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் இதனை விரிவாக விளக்குகின்றார். காபூல் நகரின் பறவைக் கடைத்தெருவிலோ இதன் தொடர்ச்சியை அண்மைக் காலம் வரை காண முடிந்தது.

இவ்வாறு பல நாடுகள் காடையின் அலகையும் காலையும் போற்றியிருக்க, யப்பானியர் அதன் தொண்டையைப் போற்றினர். காடையை அவர்கள் பாட்டுக்காக வளர்த்தனர். அந்த வளர்ப்பின் எழுச்சியும் வீழ்ச்சியுமே இனி வரும் வரலாறு.

யப்பானியக் காடை தனியோர் இனம். ஐரோப்பியக் காடைக்கும், சோழமண்டலத்தின் பெயரைத் தன் அறிவியற் பெயரிலே தாங்கி நிற்கும் நம் மழைக்காடைக்கும் அது நெருங்கிய உறவு. யப்பானிய மொழியில் அதற்கு உசுரா என்று பெயர். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோசூ என்னும் பாடற்றொகையிலேயே அது இடம்பெறுகின்றது. பிற்காலப் புலவர்க்கு அதன் குரல் தனிமையின் குரலாயிற்று. இசே கதைகள் என்னும் பழைய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பூக்காக்குசா என்னும் ஊரில் ஒருத்தியோடு வாழ்ந்தவன் அவளிடம் சலிப்புற்றுப் பிரிய எண்ணுகின்றான். நான் போய்விட்டால் இந்த இடம் வெறும் புல்வெளியாகிவிடுமோ என்று அவன் சொல்ல, அப்படியானால் நான் அதிற் காடையாகிக் கூவிக்கொண்டிருப்பேன், வேட்டையாடவேனும் நீர் வருவீரல்லவா என்று அவள் மறுமொழி கூறுகின்றாள். அவன் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பூஜிவாரா சுன்செய் என்னும் பெரும் புலவர் இதையே கருவாகக் கொண்டு, மாலைக் காற்றில் ஒலிக்கும் காடையின் குரலைப் பாடினார். அவர் தமது கவிதைகளுள் இதனையே பெரிதாக மதித்தார் என்பர். மருதக்கலித் தலைவியின் காடையும் பூக்காக்குசாப் பெண்ணின் காடையும் ஒரே வகையான ஆடவர் முன்னிலையிற் பேசப்பட்டவை என்பது எண்ணி இன்புறத்தக்கது.

ஆனால் போர்வீரரின் செவிக்கு அதே குரல் வேறாகக் கேட்டது. காடைச் சேவலின் கூவல் மூன்று அசைகளாய் எழும். முதலிரண்டும் குறுகியும், ஈற்றசை நீண்டு உருண்டும் ஒலிக்கும். அதனை அவர்கள் 'கோ-கிச்-சோ' என்று கேட்டனர். அச்சொல்லுக்கு நற்சகுனம் என்று பொருள். போருக்குப் புறப்படும் வேளையில் நற்சகுனம் என்று கூவும் பறவையை எந்த வீரன்தான் விரும்பமாட்டான்? இடையிற் கட்டிய சுருக்குப் பையில் காடையை வைத்துக்கொண்டு திரியும் வழக்கம் சாமுராய்களிடையே உண்டாயிற்று. 'சுருக்குப் பைக் காடை' என்றே அதற்கு ஒரு பெயரும் வழங்கியது.

தொக்குகாவா குடியினர் 1603இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபின் நாட்டில் நீண்ட அமைதி நிலவியது. வீரர்க்குப் போர் இல்லை, பொழுது மிகுதியாயிருந்தது. காடைகளின் குரலை ஒப்பிட்டுப் பரிசளிக்கும் கூவற் போட்டிகள் அக்காலத்திற் பெருகின. பதினாறாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும், மீண்டும் 1764க்கும் 1781க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலும் இந்த மோகம் உச்சத்தில் இருந்தது. சிற்றரசரும் அவர்தம் வீரரும் மட்டுமன்றி, எடோ நகரத்து வணிகரும் இதில் ஈடுபட்டனர். எடோ என்பதே இன்றைய தோக்கியோ. போட்டி காலை வேளையில் நடைபெறும். கூடுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சேவலும் கூவும் முறையை நடுவர் செவிமடுப்பர். ஒலியின் உருட்சி, நீளம், தெளிவு ஆகியவற்றைத் தூக்கிப் பார்த்துத் தரம் வகுப்பர். நற்குரல் படைத்த சேவலுக்கு விலை ஏறும். அதன் வழிவந்த குஞ்சுகளுக்கும் ஏறும்.

கூட்டின் அமைப்பையும் சொல்லவேண்டும். காடை மிரண்டால் நேர் மேலாக எழும்பும். மேற்புறம் பலகையாயின் தலையுடைந்து இறக்கும். எனவே கூடு உயரங்குறைந்த பெட்டியாக, முன்பக்கம் மெல்லிய கம்பிகளும் மேற்புறம் நெகிழ்ந்த வலையும் கொண்டதாகச் செய்யப்பட்டது. இன்றும் வீட்டிற் காடை வளர்ப்போர்க்கு முதலிற் சொல்லப்படும் அறிவுரை இதுவே. பயனுக்காகத் தோன்றிய இப்பெட்டி நாளடைவில் ஆடம்பரப் பொருளாயிற்று. அரக்குப் பூசி, அதன்மேற் பொன்னால் ஓவியந் தீட்டிய கூடுகள் செல்வர் மனைகளில் விளங்கின. பொற்பூச்சினாற் குரல் சிறக்கப் போவதில்லை. உடையவனின் மதிப்புச் சிறந்தது. கபுக்கி நாடக அரங்குகளில் பக்கவாட்டிலே கீழ்வரிசையில் அமைந்த சிறு அடைப்பிருக்கைகளுக்கு உசுரா என்றே பெயர் வந்தது. கம்பி அடித்த அவ்வடைப்புக்கள் காடைக் கூட்டை ஒத்திருந்தமையே காரணம். நாடகம் பார்க்கச் சென்றவனும் தன்னைக் கூட்டுக்குள் இருக்கும் காடையாக எண்ணிக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கூடு எல்லோர்க்கும் பழகிய பொருளாயிருந்தது.

இக்காலத்துக் கதைகளுள் தலைசிறந்தது அபே தாதாஅக்கி என்பவரைப் பற்றியது. 1602இற் பிறந்து 1675இல் மறைந்த இவர், மூன்றாம் நான்காம் சோகன்களின் கீழ் மூத்த அமைச்சராய் விளங்கியவர், நேர்மைக்குப் பேர்போனவர். இவர்க்குக் காடை வளர்ப்பில் அளவிறந்த விருப்பம். அதனை அறிந்த சிற்றரசர் ஒருவர் விலையுயர்ந்த காடை ஒன்றை இவருக்கு அனுப்பிவைத்தார். தாதாஅக்கி சிந்தித்தார். பதவியில் இருப்பவன் ஒரு பொருளில் ஆசை வைத்தல் தகாது. வைத்தால் அதன் வழியாக முகமன் கூறுவோர் வந்து சேர்வர் என்று சொல்லி, வந்த பறவையை மட்டுமன்றித் தாம் நெடுநாள் வளர்த்த காடைகள் யாவற்றையும் திறந்து விட்டுவிட்டார். பொன்னும் பட்டும் கொண்டு வந்திருந்தால் அவர் வாயிலிலேயே மறுத்திருப்பார். இதிற் கவனிக்கத்தக்கது, வந்தது அவர் மெய்யாகவே விரும்பிய பொருள் என்பதே. மார்க்கஸ் அவுரேலியஸ் காடைப் பித்தை இளமையிலேயே தவிர்த்தவர். தாதாஅக்கியோ அதிற் பழுத்தபின் ஒரே நாளிற் கைவிட்டவர். இரண்டில் எது கடினம் என்பதை ஏதேனும் ஒன்றை ஆசையாய் வளர்த்தவர்களே சொல்லவேண்டும்.

வளர்ப்போர் பெற்ற அறிவும் சிறிதன்று. பறவை வளர்ப்பைப் பற்றிய நூல்கள் அக்காலத்தில் வெளிவந்தன. 1710இல் வெளிவந்த யொபுக்கோதோரி அவற்றுட் பெயர்பெற்றது. பறவைகள் இளவேனிலிலேயே பாடுவன. ஆனால் யப்பானியப் புத்தாண்டில் விருந்தினர் முன் பாடவைக்க விரும்பியவர்கள் ஓர் உபாயங் கண்டனர். குளிர்கால இரவுகளில் விளக்கேற்றி வைத்துப் பகலை நீட்டினார்கள். அவ்வொளியில் இரை கொடுத்தார்கள். சில வாரங்களிற் பறவை இளவேனில் வந்துவிட்டதாக ஏமாந்து பாடத் தொடங்கும். இம்முறைக்கு யொகாய், அதாவது இராத்தீனி, என்று பெயர். பகலின் நீளமே பறவையின் இனப்பெருக்கப் பருவத்தைத் தூண்டுகின்றது என்ற உண்மையை அறிவியலாளர் ஆய்வுகூடத்தில் நிறுவியது இருபதாம் நூற்றாண்டிலேதான். பறவை வளர்த்தோர் பெயரறியாத் தத்துவத்தின் பயனை முன்னரே நுகர்ந்துவிட்டனர்.

1868இல் ஆட்சி மாறியது. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன; 1876இற் சாமுராய்களின் மானியமும் நிறுத்தப்பட்டது. பொற்கூடு செய்வித்தோர் பலர் கூட்டை விற்று உண்ணும் நிலையெய்தினர். பாட்டுக் காடை ஒருசில ஆர்வலர் கைகளில் மட்டும் எஞ்சியது. அந்நிலையில், 1910ஆம் ஆண்டளவில், சிலரது கவனம் பறவையின் குரலை விட்டு அதன் முட்டையின்பாற் சென்றது. அடைபட்டு வளரும் காடைப் பேடு முட்டை இடுவதில் வியக்கத்தக்க ஆற்றல் உடையது. பொரித்து ஆறு ஏழு வாரங்களிலேயே முட்டையிடத் தொடங்கும். முட்டையின் நிறை பத்துக் கிராம் அளவே. ஆனால் அது பேட்டின் நிறையில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு. கோழியின் முட்டையோ கோழியின் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். மிகுதியாக முட்டையிடும் பேடுகளைத் தெரிந்தெடுத்துப் பெருக்கப் பெருக்க, ஆண்டொன்றுக்கு 250க்கு மேல் முட்டையிடும் வழிகள் உருவாயின. 1920களில் ஐச்சி மாகாணத்துத் தோயோகாசி நகரில் இத்தொழில் காலூன்றியது. 1941 அளவில் யப்பானில் வளர்ப்புக் காடைகள் ஏறத்தாழ இருபது இலட்சம் இருந்தன என்று கணக்கிட்டுள்ளனர்.

முட்டைக் காடை பாட்டுக் காடையின் வழித்தோன்றலே. பொற்கூட்டின் சேவலுக்கும் பண்ணையின் பேட்டுக்கும் ஒரே குருதி. எனினும் தெரிவு மாறியதும் பறவையும் மாறியது. முட்டை எண்ணி வைத்துக்கொண்ட பண்ணையாளன் சேவலின் ஈற்றசை உருள்கின்றதா முறிகின்றதா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவனுக்கில்லை. அடைகாக்கும் உணர்ச்சியும் பேடுகளிடம் பெரும்பாலும் மறைந்தொழிந்தது. இட்ட முட்டையைத் திரும்பியும் பாராது அடுத்ததற்கு ஆயத்தமாகும் பேடே பண்ணைக்கு உகந்தது.

பின்னர் உலகப் போர் வந்தது. மனிதருக்கே கூலம் கிடையாத நாட்களிற் காடைக்கு இரை எங்கே கிடைக்கும்? பண்ணைகள் வெறுமையாயின. 1945 யூன் 19, 20ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் தோயோகாசி நகரும் வான்குண்டுகளுக்கு இரையாயிற்று. போர் முடிந்தபோது எஞ்சியவை மிகச் சில பறவைகள். அவற்றைக் கொண்டும், அயல் நாடுகளிலிருந்து வருவித்தவை என்று கருதப்படும் சிலவற்றைக் கொண்டும் முட்டைத் தொழிலை மீண்டும் நிறுவினர். அது விரைவிலே தழைத்தது. பாட்டுக் காடையின் வழிகளோ முற்றாக அழிந்துபோயின. அவற்றை மீட்க எவராலும் இயலவில்லை.

ஏன் இயலவில்லை என்பதைச் சற்று விளக்குதல் தகும். யப்பானியர் உகுய்சு என்னும் பாடும் பறவையையும் போட்டிக்கு வளர்த்தனர். அதன் குஞ்சுகளுக்குப் பாட்டுப் பயிற்ற, நன்கு பாடும் முதிர்ந்த பறவை ஒன்றை அருகில் வைப்பர். குஞ்சு அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். ஒரு நல்லாசான் எஞ்சியிருந்தால் அங்கே கலை பிழைத்துவிடும். காடையின் செய்தி வேறு. கோழியினத்தைச் சேர்ந்த அது தன் கூவலை எவரிடமும் கற்பதில்லை, பிறக்கும்போதே கொண்டுவருகின்றது. 1988இல் வெளியான ஓர் ஆய்வு இதனை வியப்புறும் வகையிற் காட்டியது. முட்டைக்குள் இருக்கும் கோழிக் கருவில், காடைக் கருவின் மூளைப் பகுதியை எடுத்து இவான் பலபன் என்பவரும் அவர்தம் துணைவரும் பொருத்தினர். அவ்வாறு பொரித்த கோழிக்குஞ்சுகள் சில, காடை கூவும் முறையிலே கூவின! குரல் குருதிவழிச் சொத்து. எனவே முந்நூறு ஆண்டுகளாகச் செவியால் தெரிந்தெடுத்துத் திரட்டி வைத்த குரல், அந்தப் பறவைகள் இறந்த அன்றே இறந்தது. ஓவியம் எஞ்சும், கூடு எஞ்சும், நூல் எஞ்சும். அவை ஒரு குஞ்சையும் கூவவைக்க மாட்டா.

அவ்வாய்விற் பங்குகொண்டவர்களுள் நிக்கோல் லெ துவாரென் என்னும் பிரெஞ்சு அறிஞரும் ஒருவர். காடையின் உயிரணுக் கருவை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் கோழியினதிலிருந்து எளிதில் வேறுபடுத்தி அறியலாம் என்பதை 1969இல் எடுத்துக்காட்டியவர் அவரே. காடை அணுவைக் கோழிக் கருவில் இட்டு, அது எங்கெங்கு செல்கின்றது, என்னவாகின்றது என்று தொடர்ந்து பார்க்கும் வழி அதனாற் பிறந்தது. உடலுறுப்புக்கள் தோன்றும் விதத்தைப் பற்றி இன்றுள்ள அறிவிற் பெரும்பங்கு அவ்வழியே வந்தது. சிறிய உடல், விரைந்த வளர்ச்சி, பதினேழு நாள் அடைகாப்பு ஆகியவற்றால் 1950களின் இறுதியிலிருந்தே அமெரிக்க ஆய்வுகூடங்களிலும் யப்பானியக் காடை இடம்பிடித்திருந்தது. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் சோவியத் நாட்டின் மீர் விண்ணிலையத்தில் காடைக் குஞ்சு முட்டையுடைத்து வெளிவந்தது. 2008இல் நாகோயாப் பல்கலைக்கழகத்து யொசிமுரா குழுவினர், பகல் நீளும்போது பறவையின் மூளையில் இனப்பெருக்கத்தைத் தூண்டும் சுரப்பு இன்னதென்று கண்டறிந்தனர். அவர்கள் ஆய்ந்த பறவையும் யப்பானியக் காடையே. பழைய இராத்தீனி விளக்கு ஏன் பலித்தது என்பதற்கு விடை கிடைத்தது. விடை கிடைத்த நாளிற் பாட்டுக் காடை இல்லை. ஆனால் அதே விளக்கு பண்ணைகளில் எரிந்துகொண்டிருந்தது. நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணி நேர ஒளி தந்தே காடைப் பேடுகளை ஆண்டு முழுவதும் முட்டையிடச் செய்கின்றனர்.

இந்தியாவுக்கு இப்பறவை 1974இல் வந்தது. கலிபோர்ணியாவிலிருந்து அதனை இசத்நகருக்கு வருவித்தனர். பின்னர்த் தமிழகத்து நாமக்கல்லின் பெயரால் ஒரு வகையும் உருவாயிற்று. இலங்கையிலும் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் அதனை வளர்க்கின்றனர். தோயோகாசியோ இன்றும் யப்பானின் காடைத் தலைநகராகவே இருக்கின்றது. அங்கும் இடர் வராமலில்லை. 2009இற் பறவைக் காய்ச்சல் நோய் பண்ணைகளிற் காணப்பட்டதால் பெருந்தொகையான பறவைகளை அழிக்க நேர்ந்தது.

பண்ணைகளில் இலட்சக்கணக்கிற் பெருகிய அதே காலத்திலே புல்வெளிகளில் காட்டுக்காடை அருகிவந்தது. நூற்றாண்டுகளாக வேட்டைப் பறவையாய் இருந்த உசுராவை வேட்டையாடுவதை யப்பானிய அரசு 2013இல் முற்றாகத் தடைசெய்தது. பூக்காக்குசாப் பெண்ணின் கதையில் வரும் வேட்டைக்காரன் இன்று வருவானாயின் சட்டம் அவனைத் தடுத்து நிறுத்தும்.

யப்பானிய இல்லங்களில் அண்மைக் காலத்திற் பரவியுள்ள ஒரு வழக்கம் இங்கே குறிப்பிடத்தக்கது. பேரங்காடியில் விற்கும் உணவுக் காடை முட்டைகளைச் சிலர் வாங்கிவந்து அடைபொறியில் வைக்கின்றனர். பண்ணையில் பேடுகளை மட்டுமே வைத்திருப்பர். ஆகையால் அவை கருக்கொள்ளாத முட்டைகளாகவே இருத்தல் வேண்டும். ஆனால் அன்று பொரித்த குஞ்சுகளிற் சேவல் எது, பேடு எது என்று பிரிப்பது அரிய வேலை. தேர்ந்த கையும் ஒரோவழித் தவறும். அத்தவறினால் பேடுகளுக்கிடையே ஒரு சேவல் நுழைந்துவிடும். அதன் விளைவாகப் பத்து முட்டைகள் அடங்கிய பெட்டியில் ஒன்றிரண்டு கருவுற்றிருத்தல் உண்டு. பதினேழாம் நாள் அடைபொறியிற் கட்டைவிரல் நுனியளவு குஞ்சொன்று ஓட்டை உடைத்து வெளிவருகின்றது. பிள்ளைகள் அதற்குப் பெயர் சூட்டி, மணற்றட்டு வைத்து, மேலே மெத்தென்ற துணி கட்டிய பெட்டியில் வளர்க்கின்றனர். மூன்றாம் வாரத்தில் மார்பிறகு செந்நிறங் கொண்டால் அது சேவல். ஆறாவது ஏழாவது வாரத்தில், விடியுமுன்னர், வீட்டார் உறங்கிக்கொண்டிருக்கையில், அது முதன்முறையாகக் கழுத்தை நீட்டிக் கூவுகின்றது. அதிலும் மூன்று அசைகள் உண்டு.